அறுபத்திரண்டாயிரம் யூரோ வெயில்

டிசம்பர் முதல் வாரத்தில்
இவலோவில் சூரியன் கடையைச் சாத்திவிடும்.
ஜனவரி பத்து வாக்கில் மெல்ல எட்டிப்பார்த்து
கடன்காரனைக் கண்டவன் போல
மலைக்குப் பின்னால் பதுங்கும்.

அதற்குள் நாங்கள்
ஸ்பெயினில் வீடு பார்த்து முடித்திருப்போம்.
பதினோரு வருடமாய் இதே பிழைப்பு.

பனி வாரும் வண்டியை நிறுத்திவிட்டு
காலை ஏழுக்கு வருவான் தாய்ஸ்தோ.
மீசையிலிருந்து தண்ணீர் சொட்ட
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்பான்:
"எறங்கியிருக்கா?"

கேட்பது விலையை.
வெளியே எத்தனை மைனஸ் என்பது
அவன் எலும்புக்குத் தெரியும்.

அலிக்காந்தேக்கு மேலே, பாதாம் மரச் சரிவில்
இரண்டு படுக்கையறை, ஓட்டுக் கூரை,
தண்ணீர் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு கிணறு,
படத்தில் பாதி மட்டும் விழுந்த எலுமிச்சை மரம்.
எழுபத்தொன்று.
அறுபத்தெட்டு.
போன குளிர்காலத்தில் அறுபத்திரண்டு.

கட்டிலைக் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே போட்டால்
முதல் வெயில் முகத்தில் அடிக்கும் என்கிறான்.
மேற்குச் சுவரோரம்தான் என்கிறேன் நான்.
இல்லாத கட்டிலுக்காக
இரண்டு நாள் முகம் பார்க்காமல் இருந்திருக்கிறோம்.
நிழலின் அருமை வெயிலில் தெரியுமாம்.
சொன்னவர் யாரோ,
எங்களோடு ஒரு டிசம்பர் இருந்ததில்லை.

பணமா?
இனாரி ஏரிக்கரையில் நிற்கிறது,
நாற்பது சதுர மீட்டர் மரக்குடிலாகவும்
தாய்ஸ்தோ தன் கையால் அடுக்கிய சவுனா அடுப்பாகவும்.
அவன் தம்பி ஓஸ்மோ
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு தொகை சொல்வான்.
நான் அவன் தட்டில்
இன்னொரு துண்டு இறைச்சி வைப்பேன்.

பிப்ரவரியில் போய்ப் பார்த்தோம்.
வெளியே வெயில்
பிறந்த குழந்தையின் உள்ளங்கை போல இருந்தது.
தாய்ஸ்தோ சட்டையைக் கழற்றிவிட்டு
தெருவில் நின்று
யாரையும் பார்க்காமல் சிரித்தான்.

எங்கராசியா கதவைத் திறந்தாள்.
கம்பளிக் கோட்டு. அதற்கு மேல் சால்வை.
உள்ளே கல்தரை, தடித்த சுவர்,
கிணற்றின் அடியில் இறங்கியது போல் ஒரு குளிர்.
மேசை விரிப்பைத் தூக்கிக் காட்டினாள்:
கீழே கணப்புச் சட்டி,
இரண்டு முழங்கால்களுக்குப் போதுமான நெருப்பு.

எங்கு போனாலும் தெர்மாமீட்டர் எடுத்துப்போகிறவன்
பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தான்.
பதினொன்று.

உங்கள் வீட்டுக்குள் எவ்வளவு என்று
போனில் பேசிக் கேட்டாள்.
போன் பின்னிஷில் திருப்பிச் சொன்னது.
இருபத்திரண்டு, என்றான் தாய்ஸ்தோ,
மைனஸ் முப்பதிலும் பனியனோடுதான் உட்காருவோம்.
போன் அதை ஸ்பானியத்தில் சொல்லி முடித்த பிறகும்
வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.
பிறகு சால்வையை இழுத்துக்கொண்டு கேட்டாள்:

"அங்கே ஒரு வீடு என்ன விலை?"

வரும்போது நான்கு எலுமிச்சை கொடுத்தாள்.
மூன்றைத் தேநீரில் பிழிந்துவிட்டோம்.
நான்காவது ஜன்னல் விளிம்பில்
சுருங்கிக் கல்லாகிக் கிடக்கிறது. தூசி தட்டுவேன்.

அக்டோபரில் விளம்பரம் காணாமல் போனது.
விற்றாளா, மனம் மாறினாளா,
நாங்கள் கேட்கவில்லை.
ஆனால் வாரம் ஒருமுறை செய்தி வருகிறது அவளிடமிருந்து,
ஒரே கேள்வி: உள்ளே எவ்வளவு?
தாய்ஸ்தோ மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு
பாயிண்டுக்குப் பின்னால் உள்ள எண்ணையும் சேர்த்து
பதில் அனுப்புகிறான்.

இன்று அதிகாலை மூன்றுக்கு
வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.
அதன் மஞ்சள் விளக்கு
கூரையில் ஒரு சுற்றுச் சுற்றிப் போனது.
தூக்கம் வரவில்லை.
அவனிடம் சொல்லாமல்
கட்டிலைக் கிழக்கு ஜன்னலுக்குக் கீழே
நகர்த்திப் போட்டேன்.